விளக்கு எரிகிறது, பச்சையும் பிடிக்கிறது

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட். மூன்று வருடமாக ஒரு சின்ன ஷெட்டில் மொட்டுக் காளான் போடுகிறேன். வித்து (காளான் இழை படர்ந்த தானியம்) வெளியே வாங்கிக் கட்டுப்படியாகாததால், போன வருடம் முதல் வீட்டிலேயே சோளத்தில் தயாரிக்கிறேன். அதற்கென்று ஒரு சின்ன அறையை ஒதுக்கி, எட்டடி உயரக் கூரையில் 15 வாட் புற ஊதா ட்யூப் மாட்டினேன். இருபது நிமிடம் எரிந்தால் 99.9 சதவீதக் கிருமி செத்துவிடும் என்றார் விற்றவர். நான் ஒரு மணி நேரம் எரியவிடுகிறேன். அப்படியும் பத்துப் பைக்கு இரண்டில் பச்சைப் பூஞ்சை. ஒன்றிரண்டில் புளித்த வாடையும் வருகிறது. குக்கரில் இருந்து எடுத்த பைகளைப் பின்கட்டு ஜன்னலோரம் ஆறவைத்து, மறுநாள் காலையில்தான் அறைக்குக் கொண்டுபோவேன். படங்கள் அனுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு ட்யூப் வாங்கட்டுமா? காளான் ஷெட்டிலும் ஒன்று போடலாமா? போன வாரம் வேலைக்கு வரும் பையன் விளக்கு எரியும்போதே உள்ளே நின்று பைகளை அடுக்கினான். ராத்திரி முழுக்கக் கண் உறுத்தியதாகச் சொன்னான். விளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? பழைய ட்யூபை எங்கே போடுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்தப் பையனின் கண். சம்பந்தம் உண்டு. விளக்குதான் காரணம். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது. வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேடிக்கை பார்த்தவர்களுக்கு வருவதும் இதேதான். வெளிச்சத்தில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும், இந்நேரம் ஆறியும் இருக்கும். இன்னும் உறுத்தலோ மங்கலோ இருந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஸ்விட்சை அறைக்கு வெளியே மாற்றி, கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணைகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். இரண்டு ட்யூப் வாங்க வைத்திருக்கும் காசில் இது முதல் செலவாக இருக்கட்டும்.

ஏனென்றால் ட்யூப் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

நீங்கள் தேயிலைக்காரர் என்பதால் கொப்புள நோயில் இருந்து தொடங்குகிறேன். தென்னிந்தியத் தோட்டங்களில் அது 1946-இல் தலைகாட்டியது. மழைக் காலத்தில், வானம் மூடிக்கொண்டு மூடுபனி இறங்கும் நாட்களில் கொழுந்தெல்லாம் கொப்புளம். நாலு நாள் வெயில் காய்ந்தால் அடங்கிவிடும். மழைக்கு முன்னால் நிழல் மரத்தின் கிளையைக் கழிப்பதும் வெயில் உள்ளே விழட்டும் என்றுதான். இலை காய்வது ஒரு காரணம். இன்னொரு காரணம், கொப்புளப் பூஞ்சையின் ஸ்போர், அதாவது விதை மாதிரிப் பரவும் நுண்துகள், மெல்லிய ஓடும் நிறமற்ற உடம்பும் கொண்டது என்பது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் நேராக உள்ளே போய்த் தாக்குகிறது.

அதே மலையில் வேறொரு பூஞ்சையைப் பாருங்கள். கோதுமையைத் தாக்கும் கருந்துரு நோய். அதன் ஸ்போர் நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடையைக் கழித்துவிட்டு, காற்றில் ஏறி மத்திய இந்தியா வரைக்கும் வெயிலிலேயே போய், அங்கே வயலில் இறங்கி முளைக்கிறது. உங்கள் ஊரில் இருந்து கொஞ்ச தூரத்தில், வெலிங்டனில், கோதுமையே பெரிதாக விளையாத மலையில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இந்தத் துருவும் உண்டு. செங்கல் நிறத்தில், தடித்த ஓட்டோடு, நிறத்தையே குடையாகப் பிடித்துக்கொண்டு போகிற ஸ்போர் அது.

ஆகவே ‘பூஞ்சை ஸ்போர் புற ஊதாவில் சாகுமா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் பூஞ்சை, என்ன நிறம், எவ்வளவு தடிப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெங்காயத் தோலில் கரி தூவியதுபோல் ஒரு கறுப்பு படியுமே, அந்த ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்தான் இந்த விஷயத்தில் பெரிய முரடன். அதன் கறுப்பு மெலனின். நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவதும் மெலனின் வகைதான். நிறத்தை இழந்த வெள்ளை வகையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அதே கதிரைக் காட்டினால் சீக்கிரம் சாகிறது.

உங்கள் ட்யூப் விடுவது வெயிலில் இருக்கும் புற ஊதா அல்ல. 254 நானோமீட்டர் அலைநீளம். சூரியனில் இருந்து புறப்படும் இந்த வகைக் கதிரை மேலே ஓசோன் அடுக்கே பிடித்துக்கொள்வதால் தரைக்கு வருவதில்லை. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும், அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஜிப்பில் இரண்டு பல் ஒட்டிப்போனால் மேலே நகராதே, அது மாதிரி. ஸ்போர் வெடிப்பதில்லை, கருகுவதில்லை. பார்த்தால் அப்படியேதான் இருக்கும். முளைக்கும்போது டிஎன்ஏவை நகலெடுக்க முடியாமல் நின்றுவிடும். அதைத்தான் ‘செத்தது’ என்கிறோம்.

எவ்வளவு கதிர் பட்டால் நிற்கும்? விளக்கு விற்பவர்கள் காலங்காலமாகக் கொடுக்கும் அட்டவணை ஒன்று உண்டு. பத்தில் ஒன்பது சாக, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று இருக்கும். ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 3. பாலாடைக் கட்டியில் வளர்க்கும் பெனிசிலியம் வகைக்கு 13. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜருக்கு 132. மூன்றுக்கும் நூற்று முப்பத்திரண்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தைக் கவனியுங்கள். ‘கிருமி’ என்ற ஒரே சொல்லில் இது மொத்தமும் ஒளிந்துகொள்கிறது.

சரி, உங்கள் அறைக்குக் கணக்குப் போடுவோம். புது 15 வாட் ட்யூப், துடைத்து வைத்தது, ஒரு மீட்டர் தள்ளி நேர் எதிரே, வினாடிக்கு ஏறக்குறைய 0.05 மில்லிஜூல் தரும். உங்கள் கூரை எட்டடி, மேசை இரண்டரை அடி என்று வைத்தால் இடைவெளி ஐந்தரை அடி, அதாவது 1.7 மீட்டர். தூரம் கூடக்கூடக் கதிர் வேகமாகக் குறையும். அங்கே மேசை மேல் விழுவது ஒரு மீட்டரில் விழுவதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் பாக்டீரியாவில் பத்தில் ஒன்பது சாக மூன்று நிமிடம். 99.9 வேண்டும் என்றால் (90, 99, 99.9 என்று) அதுபோல் மூன்று மடங்கு, ஒன்பது நிமிடம். விற்றவர் சொன்ன இருபது நிமிடம் பொய் இல்லை, பாக்டீரியாவுக்குத் தாராளமாகவே போதும். பெனிசிலியத்துக்கு அதே 99.9 வர நாற்பது நிமிடம் வேண்டும். கறுப்பனுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல்.

இது புது ட்யூபின் கணக்கு. ட்யூப் மேல் படிந்த தூசி கொஞ்சம் தின்னும். உங்கள் ஊர்க் குளிர் இன்னும் கொஞ்சம் தின்னும். உள்ளே இருக்கும் பாதரச ஆவி நன்றாக வேலை செய்ய ட்யூபின் உடம்பு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜனவரி விடியற்காலையில் பத்து டிகிரி அறையில் அது சோம்பித்தான் எரியும். எட்டு ஒன்பதாயிரம் மணி நேரம் ஓடிய ட்யூப் நீலமாக அழகாக எரியும், கதிர் மட்டும் தேய்ந்திருக்கும். நீலத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, நம் கண்ணுக்குத் தெரிவது வேலை செய்யும் கதிரே இல்லை. கடைசியாக நிழல். பையின் பின்பக்கம், மேசைக்கு அடியில், ஒரு ஸ்போரின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஸ்போரின் அடியில் ஒன்றும் விழாது. பிளாஸ்டிக் பைக்குள்ளேயும் சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னாலேயும் போகாது.

உங்கள் பச்சை, கறுப்பன் அளவுக்கு முரடு இல்லை. அப்படியும் ஏன் தப்பிக்கிறது என்றால், எண்ணிக்கை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது படத்துக்கு வருகிறேன். பைகள் வரிசையாக ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருக்கும் படம். பைகளைக் காட்டத்தான் எடுத்திருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு அடியில், தொழுவுரக் குவியலின் ஓரத்தில், வாய் சுருட்டிய ஒரு வெள்ளைப் பொட்டலம். எழுத்து பாதி மறைந்திருக்கிறது, ‘விரிடி’ என்பது மட்டும் தெரிகிறது.

அது டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை. கேரட் பாத்திக்காகத் தொழுவுரத்தில் கலந்து வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல பழக்கம், வேர் அழுகலுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் பையில் பிடிக்கும் பச்சைப் பூஞ்சையும் டிரைக்கோடெர்மா குடும்பம்தான். உலகம் முழுக்கக் காளான்காரர்களை அழவைத்த மோசமான இனத்துக்கு டிரைக்கோடெர்மா அக்ரெஸிவம் என்று பெயர். கேரட்டுக்குப் போடுவது அதுவல்ல. இருந்தாலும் அவித்துச் சுத்தமாக்கிய சோளத்தில் போட்டியே இல்லாமல் இடம் கிடைத்தால் இந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

அந்தப் பொட்டலத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள ஸ்போர் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. ஒரு கிலோவுக்கு 200 கோடி. டால்க் பவுடரில் கலந்தது, ஊதினால் பறக்கும். ஒரு கிராம், அதாவது ஒரு சிட்டிகை, உங்கள் புடவையிலோ பையின் வெளிப்பக்கத்திலோ ஒட்டி அறைக்குள் வந்தது என்று வையுங்கள். விளக்கு சொன்னபடியே 99.9 சதவீதத்தைக் கொன்றாலும் மிச்சம் 2000. ஒரு பை கெட ஒன்று போதும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் என்ற அமெரிக்கர், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற உயிரின் ஸ்போரைப் புற ஊதாவில் காட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். அது பாக்டீரியாதான், ஆனால் பூஞ்சை மாதிரி இழைவிட்டு ஸ்போர் கட்டும். ஒரே அளவு கதிர் காட்டினாலும் ஒருநாள் ஒரு கணக்கு, மறுநாள் வேறு கணக்கு. தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால், சாதாரண வெளிச்சம் பட்ட ஸ்போர்கள் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் இருக்கும் நீல ஒளியையே சக்தியாக எடுத்து, ஒட்டிப்போன தைமின் பல்லைப் பிரித்துவிடும் ஒரு நொதி செல்லுக்குள் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஃபோட்டோலயேஸ் என்று பெயர். டிரைக்கோடெர்மாவிடமும் அது உண்டு. வெளிச்சம் இல்லாமலே பழுதுபார்க்கும் வேறு வழிகளும் பூஞ்சைக்கு உண்டு, மெதுவாக நடக்கும். ஆகவே அரைகுறையாகக் கதிர் பட்ட ஸ்போர் ஈரமான தானியத்தில் விழுந்து, பக்கத்தில் வெள்ளை ட்யூப்லைட்டும் எரிந்தால், எழுந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது. வித்துப் பைகளை இருட்டில் வைத்து வளருங்கள், மொட்டுக் காளான் இழைக்கு வெளிச்சம் தேவையே இல்லை.

இருட்டில் வைப்பதில் ஒரு ஏமாற்று மட்டும் உண்டு. டிரைக்கோடெர்மாவின் இழை முதலில் வெள்ளை, பச்சை நிறம் ஸ்போர் கட்டும்போதுதான் வரும். ஸ்போர் கட்ட அதற்கு வெளிச்சம் ஒரு தூண்டுதல். இருட்டறையில் வெள்ளையாகப் பரவியிருப்பது உங்கள் காளான்தானா என்று முகர்ந்தும் பார்க்க வேண்டும். மொட்டுக் காளான் இழைக்கு நல்ல காளான் மணம் இருக்கும், மெதுவாகத்தான் நகரும். மூன்றே நாளில் பையை மூடிவிட்ட வெள்ளையை நான் நம்பமாட்டேன்.

பச்சை எங்கே இருந்து வந்தது என்று பையே சொல்லும். தாய் வித்தாக (புது வித்து தயாரிக்கப் பையில் போடும் பழைய வித்து) போட்ட சோளத்தைச் சுற்றித் தொடங்கினால் அந்தத் தாய் வித்து சரியில்லை. பை முழுக்க ஆங்காங்கே புள்ளியாக வந்தால் அவித்தது போதவில்லை, அல்லது பையில் ஊசித்துளை. கழுத்தில், பஞ்சு அடைப்புக்குக் கீழே வளையமாகத் தொடங்கினால் காற்று. உங்கள் முதல் படத்தில் மூன்று பையிலும் கழுத்து வளையம்தான். குக்கரில் இருந்து சுடச்சுட எடுத்த பை ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளிக்காற்றைப் பஞ்சு வழியாக உறிஞ்சுகிறது. பஞ்சு காய்ந்திருந்தால் வடிகட்டும், நனைந்திருந்தால் விட்டுவிடும். நீங்கள் அதை ராத்திரி முழுக்கத் தொழுவுரத்துக்கும் விரிடி பொட்டலத்துக்கும் மேலே உட்காரவைத்து மூச்சு விடச் சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் மறுநாள் அறைக்குள் கொண்டுபோய் விளக்கைப் போட்டால், ஸ்போர் ஏற்கெனவே பைக்குள்ளே, பஞ்சுக்கு அடியில், கதிர் எட்டாத இடத்தில் இருக்கிறது. பத்து ட்யூப் மாட்டினாலும் அங்கே எட்டாது.

செய்ய வேண்டியது இதுதான். அவிக்கும்போது பஞ்சின் மேல் காகிதத்தைச் சுற்றிக் கட்டுங்கள், தண்ணீர் சொட்டி நனையாது. குக்கரில் இருந்து பைகள் நேராக வித்து அறைக்கே போகட்டும், அங்கேயே ஆறட்டும். அறையின் ஜன்னலை மூடிவையுங்கள், ஃபேன் வேண்டாம். உரம் கலந்த கையோடும் உடையோடும் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. உரம் கலப்பது வேலை எல்லாம் முடிந்த பிறகு, காற்று போகும் திசையில், தோட்டத்தின் கடைசியில். வித்து போடும் வேலை காலையில் குளித்துவிட்டுச் செய்யும் முதல் வேலையாக இருக்கட்டும்.

அடுத்த தடவை அவிக்கும்போது மூன்று பைகளுக்கு வித்தே போடாமல் பேனாவில் கோடு போட்டு மற்றவற்றோடு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த மூன்றும் சுத்தமாக இருந்து மற்றவை கெட்டால் கோளாறு கையிலோ தாய் வித்திலோ. அந்த மூன்றிலும் பச்சை வந்தால் ஆறவைப்பதிலோ அவிப்பதிலோ.

புளித்த வாடை வேறு கதை. அது பூஞ்சை இல்லை, பாசில்லஸ் பாக்டீரியா. பச்சைப் பூஞ்சை அறுபது டிகிரி ஈர வெப்பத்திலேயே அடங்கிவிடும், இந்த பாக்டீரியாவின் ஸ்போர் கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும். அதற்குத்தான் 121 டிகிரி என்று சொல்கிறோம். சமவெளியில் 15 பவுண்டு அழுத்தம் வந்தால் 121 வந்துவிடும். உங்கள் ஊர் 1800 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், குக்கர் 15 பவுண்டு காட்டும்போது உள்ளே 118 டிகிரிதான் இருக்கும். மலையில் பருப்பு வேக நேரமாகிறதே, அதே கணக்கு. ஆட்டோகிளேவாக (ஆய்வுக்கூடத்தில் வைக்கும் அழுத்த ஆவிக் கலன்) இருந்து, அதற்கு அனுமதி இருந்தால், 18 முதல் 20 பவுண்டு வரை போகலாம். வீட்டுக் குக்கரில் அழுத்தத்தைக் கூட்ட எந்தக் குறுக்கு வழியும் தேடாதீர்கள், வெடிக்கும். நேரத்தைக் கூட்டுங்கள், முழு அழுத்தம் வந்த பிறகு இரண்டு மணி நேரம். பைகளை நெருக்கி அடைக்காமல் ஆவி நடுவில் புகும்படி வையுங்கள். சோளம் பாதி வெந்ததும் வடித்து, மேல் ஈரம் போக நிழலில் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலக்கிறீர்கள்தானே?

அப்படியானால் விளக்கு வீணா என்றால், இல்லை. துடைத்த மேசையில், தூசி இல்லாத அறையில், கடைசிக் கையாக அது நல்லது. கூரையில் இருந்து இறக்கி, ஒரு கண்ணாடி முகப்புப் பெட்டி செய்து அதற்குள் மாட்டுங்கள். மேசைக்கு ஒன்றரை அடி மேலே வந்தால் இப்போது விழுவதைப் போல் பத்து மடங்குக்கு மேல் கதிர் விழும். முதலில் ஸ்பிரிட்டில் பெட்டியைத் துடைத்து, அரை மணி நேரம் எரியவிட்டு, அணைத்த பிறகு கை வையுங்கள். ட்யூபையும் மாதம் ஒருமுறை, அணைத்து ஆறிய பிறகு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெட்ரி தட்டு போதும். உருளைக்கிழங்கு அகர் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) ஊற்றிய தட்டில் அறைத் தூசியைக் கலக்கிய தண்ணீரைப் பரப்பி, தட்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மூடியைக் கழற்றி (பிளாஸ்டிக் கதிரை மறைக்கும்) விளக்கடியில் அரை மணி வைத்து, பிறகு மூடி இருட்டில் வையுங்கள். நாலு நாளில் ஒரு பாதி காடாகவும் மறுபாதி வழுக்கையாகவும் இருந்தால் விளக்கு நல்ல விளக்கு. இரண்டு பாதியும் காடு என்றால், உங்களிடம் விற்றது வெறும் ஊதா நிற பல்பாகவும் இருக்கலாம், அப்படியும் சந்தையில் விற்கிறார்கள்.

காளான் ஷெட்டில் வேண்டவே வேண்டாம். கம்போஸ்ட் முழுக்க நிழல், உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. மேலே இருக்கும் மொட்டு பழுப்பேறும், பறிப்பவர்கள் கண் கெடும். படுக்கையில் பச்சைத் திட்டு வந்தால் அதன் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், தெறித்துப் பரவும். ஈரக் காகிதத்தை மெதுவாக மேலே விரித்து, அதன் மேல் கல்லுப்பைக் கொட்டி மூடிவிடுங்கள். தொட்ட கையோடு புதுப் படுக்கைக்குப் போகாதீர்கள், புதியதில் தொடங்கிப் பழையதில் முடிப்பதுதான் பறிப்பின் வரிசை. மேல்மண்ணில் மிளகாய்த் தூள் தூவியதுபோல் சிவப்பாக ஏதாவது ஊர்ந்தால் அது செம்பேன், பச்சைப் பூஞ்சையைத் தின்ன வந்தது. பூஞ்சை உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அது கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய ட்யூப்: உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பையிலோ ஓடையிலோ போட வேண்டாம். வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கைதவறி உடைந்தால் எல்லோரும் வெளியே வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். துடைப்பத்தால் கூட்டாமல், கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்து, மிச்சத் தூளை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள்.